இரைச்சலின் சரித்திரம் – 9: ஒரு தட்டு, இரண்டு குழுக்கள்

1986 ஆகஸ்ட். பர்மிங்ஹாமில் ஒரு சின்ன ஸ்டுடியோ. ராத்திரி வேளையில் மூன்று பையன்கள் உள்ளே போகிறார்கள். கிட்டார் ஜஸ்டின் பிராட்ரிக், பாஸ் கிட்டாரும் குரலும் நிக் புல்லன், டிரம்ஸ் மிக் ஹாரிஸ். ஸ்டுடியோவுக்கு அவர்கள் கொடுத்தது சுமார் 50 பவுண்ட். விடிவதற்குள் 12 பாடல்கள் பதிவாகிவிட்டன. பிராட்ரிக்குக்கு அப்போது பதினேழு வயதை ஒட்டி.

நேபாம் டெத் குழுவின் ‘ஸ்கம்’ ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான். ஆனால் அன்று அவர்கள் ஆல்பம் போட வரவில்லை. வேறொரு குழுவோடு பங்கிட்டுக்கொள்ளும் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார்கள். அது நடக்கவில்லை. நாடா சும்மா கிடந்தது. அதற்குள் புல்லன் விலகினார், பிராட்ரிக்கும் வேறு குழுவுக்குப் போனார். மிஞ்சியது ஹாரிஸ் மட்டும்.

ஹாரிஸின் வாசிப்பைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ஸ்நேர், கிக், சிம்பல் மூன்றையும் மூச்சுவிடாமல் அடிக்கும் அந்த வேகத்துக்கு ‘பிளாஸ்ட் பீட்’ என்று பெயர். அமெரிக்காவில் சீஜ் போன்ற குழுக்கள் முன்பே அந்த எல்லையைத் தொட்டிருந்தன. ஹாரிஸ் கையில்தான் அது ஒரு இசை வகைக்கே முதுகெலும்பானது. அந்த வகைக்கு ‘கிரைண்ட்கோர்’ என்ற பெயரும் அவர் வைத்ததாகவே சொல்வார்கள். முதல் தடவை கேட்கையில் தாளமே காதில் நிற்காது. மழை தகரக் கூரையில் கொட்டுவதுபோல் இருக்கும். பழகப் பழக உள்ளே ஒரு எண்ணிக்கை ஓடுவது பிடிபடும். எனக்கு அது பிடிபடப் பல நாள் ஆனது.

1987 மே மாதம் ஹாரிஸ் அதே ஸ்டுடியோவுக்குத் திரும்பினார். இப்போது பாட லீ டோரியன், கிட்டாருக்கு பில் ஸ்டீர், பாஸுக்கு ஜிம் வைட்லி. இன்னும் 16 பாடல்கள். நாட்டிங்ஹாமின் இயரேக் நிறுவனம் இரண்டு பதிவுகளையும் சேர்த்து அந்தக் கோடையில் வெளியிட்டது. மொத்தம் 28 பாடல்கள், 33 நிமிடம் சொச்சம்.

அட்டைப் படம் ஜெஃப் வாக்கர் வரைந்தது. கோட்டு சூட்டுப் போட்ட முதலாளிகள், பட்டினியில் வாடும் குடும்பம், கீழே மண்டையோடுகளில் பெருநிறுவனங்களின் சின்னங்கள். முதல் பாடலின் தலைப்பே பன்னாட்டு நிறுவனங்கள்தான். ஆலைகள் மூடி, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய பர்மிங்ஹாமிலிருந்து வந்த கோபம் அது. சாத்தானையும் பிணங்களையும் பாடிய மெட்டல் குழுக்களுக்கு நடுவே இவர்கள் கூலியையும் சுரண்டலையும் பாடினார்கள். இந்த ஆல்பத்தை நான் உயர்த்திப் பிடிப்பது வேகத்துக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

பிபிசி வானொலியின் ஜான் பீல் இதைத் தன் இரவு நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் குழுவையே வரவழைத்துப் பதிவும் செய்தார். ஆல்பத்திலுள்ள ‘யூ சஃபர்’ என்ற பாடல் 1.316 நொடி. மிகக் குறுகிய பாடலென்று கின்னஸிலும் ஏறியது. பலர் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஏன் இந்தத் துன்பம் என்று கேட்கிற பாடல் அது. அதற்கு மேல் வார்த்தையை இழுத்திருந்தால் கேள்வி மழுங்கியிருக்கும்.

முதல் பக்கம் அந்தப் பாடலோடுதான் முடிகிறது. ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியில் ஒன்பது மாதம் கடந்திருக்கிறது. மறுபக்கத்தில் குரல் வேறு, கிட்டார் வேறு. பின்னால் டிரம்ஸில் அதே ஹாரிஸ்.

(தொடரும்)