நிலம் காயும் கோடையில் ஒரு வெப்ப எக்கி

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிக்கு அருகே உள்ள நூம்பலில், புதிதாக எழும் அடுக்ககங்களின் புறச்சுவர்களில் குளிர்பதனிகளின் வெளியலகுகள் இடம்பிடித்துவிட்டன. அவை ஒவ்வொன்றும் ஒரு வெப்ப எக்கியின் பாதி உடல். மறுபாதி படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய்களில் ஓடும் குளிர்பொருள் அறையினுள் கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே அமுக்கியின் அழுத்தத்திற்கு ஆட்பட்டு மீண்டும் நீர்மமாகும்போது அதைக் கொடுத்துவிடுகிறது. 1.5 டன் பொறி ஏறத்தாழ 1.5 கிலோவாட் மின்திறனைச் செலவிட்டு, அறையிலிருந்து 5.3 கிலோவாட் அளவில் வெப்பத்தை அகற்றுகிறது. இருக்கும் வெப்பத்தை இடம்பெயர்க்க மட்டுமே மின்சாரம் செலவாவதால் விளையும் ஆதாயம் இது.

ஆஸ்திரியாவின் எபன்சே உப்பளத்தில் 1856-57ஆம் ஆண்டுகளில் பீட்டர் வான் ரிட்டிங்கர் உப்புநீரைக் காய்ச்ச இந்த நெறியைப் பயன்படுத்தினார். 1938இல் சூரிக் நகர மன்றம் லிம்மாத் ஆற்றின் வெப்பத்தை எக்கித் தன் கூடங்களைச் சூடாக்கியது. குளிர்நாடுகள் வெப்பத்தை உள்ளே இழுக்கின்றன. நாம் வெளியே தள்ளுகிறோம். பொறியின் உள்ளமைப்பு ஒன்றே. ஆகவே அதை மின்னிணைப்பில் பூட்டி முதன்முறை இயக்குவதற்கான ஒழுங்கும் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நம் மண்ணுக்கென்று உள்ள இடர்கள் மட்டும் வேறு.

முதலில் கம்பி. மின்பலகையிலிருந்து குளிர்பதனிக்குத் தனி மின்சுற்று வரவேண்டும். குளியலறை வெந்நீர்க் கலத்தோடோ சமையலறை மாவரைப்பானோடோ அதைப் பங்கிடலாகாது. கடைகளில் ‘நாலு ஸ்கொயர்’ எனக் கேட்டு வாங்கும் 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 1.5 டன்னுக்குப் பொருந்தும். மின்பலகையிலிருந்து 20 மீட்டர் தொலைவு என்றால், போகவும் வரவும் 40 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.2 ஓம். நிலைவேக அமுக்கி தொடங்கும் கணத்தில் 40 ஆம்பியர் வரை இழுத்தாலும் 8 வோல்ட்தான் இழப்பு. அதே இடத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் 20 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180 ஆகத் தாழ்ந்தால் விசை 61 விழுக்காடாகச் சுருங்கும். அமுக்கி சுழலாமல் நின்று முனகும்; அதன் சுருள் காயும். கோடை இரவுகளில் ஒரு தெருவே ஒரே நேரத்தில் குளிர்பதனியை இயக்கும்போது இந்த மின்னழுத்தத் தாழ்வு அடிக்கடி நிகழக்கூடியது. இன்வெர்ட்டர் வகைப் பொறி மெதுவாக வேகமெடுப்பதால் இத்தொல்லை அதற்குக் குறைவு.

இனி என் கவலைக்குரிய இடம்: எர்த். ஒப்பந்தக்காரர்கள் மிகக் குறைவாகச் செலவிடுவதும், வீட்டுக்காரர்கள் ஒருபோதும் கேட்காததும் இதுவே. வெளியலகின் உலோக உடலில் மின்கம்பி ஒன்று உரசிவிட்டது என்போம். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால், நிலத்துக்குள் 46 ஆம்பியர் பாயும். மிகையோட்டத்தைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியராவது பாயவேண்டும். அதுவரை எம்சிபி தன் வெப்பப் பட்டையை நம்பிச் சில நொடிகளோ அதற்கும் மேலோ காத்திருக்கும். மே மாத வெயிலில் குழி வறண்டு தடை 20 ஓமுக்கு ஏறிவிட்டால், பாய்வது 11.5 ஆம்பியர் மட்டுமே. எம்சிபிக்கு அது இயல்பான சுமை. அது விழவே விழாது. பொறியின் உடலோ உயிர்கொல்லும் மின்னழுத்தத்தோடு நின்றுகொண்டிருக்கும். பொறி மிகக் கடுமையாக உழைக்கும் நாள்களும் நிலம் மிக வறண்டிருக்கும் நாள்களும் ஒன்றாக வருவதே நம் ஊரின் கொடுமை. உள்ளலகிலிருந்து சொட்டும் நீரை எர்த் குழிக்குத் திருப்பிவிடுவது சிறு செலவில் பெருநன்மை தரும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அந்நீருக்குப் பஞ்சமில்லை.

எர்த் மட்டும் போதாது என்பது மேற்கண்ட கணக்கிலேயே தெரிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். அதுவும் ‘ஏ’ வகையாக இருத்தல் நலம். இன்வெர்ட்டர் பொறி மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிப் பின் மாற்றுவதால், அதன் கசிவோட்டம் பழைய ‘ஏசி’ வகைக் கருவிக்குச் சரிவரத் தென்படாமல் போகலாம். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி வைத்தால் எல்லாக் கருவிகளின் சிறுகசிவுகளும் கூடி அது காரணமின்றி விழும். சலித்துப்போன யாரோ ஒருவர் அதைத் தாண்டி நேரிணைப்புக் கொடுத்துவிடுவார். குளிர்பதனிக்குத் தனி ஆர்சிசிபி வைத்தால் இந்த ஆபத்தான சலிப்புக்கு இடமில்லை.

அடுத்து, பொறியைச் சுவரில் ஏற்றும் தொழிலாளர் இடுப்பில் கயிறின்றிச் சன்ஷேடில் நின்று வேலை செய்வதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கயிறில்லாமல் தொடங்க விடமாட்டேன் என்று சொல்வது வீட்டுக்காரரின் கடமை.

குழாய்களைப் பூட்டியபின் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். சற்றுக் குளிர்பொருளைத் திறந்துவிட்டு, அது காற்றைத் தள்ளிக்கொண்டு போகட்டும் என விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது தவறு. ஈரம் உள்ளே தங்கினால் அமுக்கியின் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகிச் சுருளின் பூச்சை அரிக்கும். வெற்றிட எக்கியைக் கொண்டு அழுத்தத்தை 500 மைக்ரான் வரை இறக்கினால், அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் நீர் தானே கொதித்து வெளியேறும். கசிவுச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே உகந்தது. அழுத்தமேற்றிய ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கக்கூடும். வெற்றிட நிலையில் அமுக்கிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. சுருளுக்குள் மின்பொறி பாயும். இன்று பரவலாகும் ஆர்-32 குளிர்பொருள் தீப்பற்றக்கூடியது, ஆர்-290 எனும் புரோப்பேன் அதைவிட எளிதில் பற்றும். காற்றில் 2.1 விழுக்காடு கலந்தாலே புரோப்பேன் எரியும். கதவுகளைத் திறந்துவைத்து, அருகே சுடர் ஏதும் இல்லாமல் வேலை செய்தாக வேண்டும்.

முதல் இயக்கத்திற்கு முன் முனைகளின் திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த முனைதான் சூடேறிக் கருகும். இன்வெர்ட்டர் பலகையின் மின்தேக்கிகளில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கியிருக்கும். மின்சாரத்தை அணைத்தபின் நிறுவனக் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்து, மானியால் அளந்த பிறகே அதைத் தொட வேண்டும். பொறி ஓடத் தொடங்கியதும் இடுக்கி மானியால் மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை அளக்கலாம். அணைத்த பொறியை மூன்று நிமிடம் கழித்தே மீண்டும் இயக்குவது நன்று. இருபுற அழுத்தமும் சமநிலை எய்த அந்த நேரம் வேண்டும்.

2015 டிசம்பர் பெருமழையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சென்னையையும் புறநகரையும் மூழ்கடித்தன. இத்தகைய வெள்ளத்தில் தரையோரம் வைத்த வெளியலகு நனைந்தால், வெயிலில் உலர்த்திவிட்டு விசையைத் தட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கும் எழும். அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. சேற்றைக் கழுவி, பொறியின் மின்சுற்றுப் பலகையைத் தனியே கழற்றி உலர்த்தி, அமுக்கியின் சுருளுக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ட் காப்புத்தடைச் சோதனை செய்ய வேண்டும். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டட்டும். எர்த் இணைப்பு துருப்பிடித்து அற்றுப்போகவில்லை என்பதையும் உறுதிசெய்து, ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுவதைக் கண்ணால் கண்ட பிறகு மின்னியலர் எம்சிபியை மேலே தள்ளலாம்.