வாசலில் நிற்பவர் யாருடைய ஆள்?

ஒரு நிறுவனத்தில் வேலை செய்வோர், யாரும் கவனிக்காத வேளையிலும் எது தகும், எது தகாது எனத் தமக்குள் கொண்டிருக்கும் வழக்கத்தையே நிறுவனப் பண்பாடு என்பர். நள்ளிரவில் தனியே நிற்கும் காவலாளியின் தொழில் முழுவதும் இவ்வழக்கத்தையே நம்பியிருக்கிறது.

சித்தூர்ப் பகுதிப் பாளையக்காரர்கள், 1801இல் ஆர்க்காட்டு நாடு ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போகும் முன்னர், ஊர்க்காவலுக்கென வரி பெற்றுவந்தனர். களவு போன பொருளை மீட்க இயலாவிடில் காவற்காரரே ஈடு கட்டவேண்டும் என்பது தென்னாட்டுக் காவல் முறையின் மரபாதலால், ஊரின் இழப்பு அவருடைய இழப்பாகவும் இருந்தது. இன்று திருப்பதியின் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும், சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகளிலும் நிற்கும் செக்யூரிட்டிக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் ஏஜென்சி. வேலை ஏவுபவரோ வாசலுக்கு உரியவர். ஒப்பந்தம் கைமாறினால் அதே ஆள் அதே வாசலில் வேறு சீருடையில் நிற்பதும் உண்டு.

தனியார் பாதுகாப்பு முகமைகளை நெறிப்படுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியதுடன், மேற்பார்வையாளர் பணியில் முன்னாள் படைவீரருக்கும் காவல்துறையினருக்கும் முன்னுரிமை தந்தது. 2006ஆம் ஆண்டு மாதிரி விதிகள் புதியவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வகுத்தன. சல்யூட், விசில், ரோல் கால் ஆகிய படைப் பழக்கங்கள் இத்துறையில் வேரூன்ற முன்னாள் வீரர்களின் வருகை வழிசெய்தது. ஆயினும் படையில் கீழ்ப்படிதலுக்கு ஈடாக ஓய்வூதியமும் பதவி உயர்வும் படைப்பிரிவின் பெயரால் வரும் பெருமையும் உண்டு. ஏஜென்சிக்குக் கீழ்ப்படிதல் வந்த அளவுக்கு அந்த ஈடு வந்து சேராதது பெரும் அநீதி.

திருமலையின் நிலை வேறு. மது, இறைச்சி, புகையிலை ஆகியவை மலைக்கு மேல் செல்லாதபடி அடிவாரத்து அலிபிரியில் வாகனங்களைச் சோதிப்பவருக்கு, தாம் எதைக் காக்கிறோம் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மற்ற வாசல்களில் பண்பாட்டைத் தீர்மானிப்பது டெண்டர் கணக்கே. ஒரு வாசலை எட்டு மணி நேர ஷிஃப்டில் இரவும் பகலும் காக்க வாரத்துக்கு 21 ஷிஃப்டுகள் தேவை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வெடுக்கும் மூவரால் 18 மட்டுமே நிறையும். மீதி மூன்றுக்கு ரிலீவரை, அதாவது மாற்று ஆளை, விலையில் சேர்க்காத ஒப்பந்தம் இரட்டை டியூட்டியை அன்றே எழுதிவிடுகிறது. பின்னர் விடியற்காலையில் கண்ணயர்ந்தமைக்காகச் சம்பளப் பிடித்தம் இரட்டை டியூட்டி பார்த்த காவலாளியின் மீதே விழுகிறது.