எட்டு போதும் பாஸ்!

'ஹன்ட்டிங் பைனாகுலர்' என்று டப்பாவில் கொட்டை எழுத்து. பக்கத்திலேயே கொம்பு வைத்த மான் படம். உடம்பெல்லாம் மிலிட்டரி பச்சை. ஆன்லைனில் பைனாகுலர் தேடினால் இந்த ரகம்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

அட, நாம எங்கே வேட்டைக்குப் போறோம்? 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நம்ம ஊரில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனால் கம்பி எண்ண வேண்டியதுதான். அதற்காக அந்த டப்பாவை ஓரங்கட்டிவிடாதீர்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் தெளிவாகத் தெரியணும், படம் ஆடக் கூடாது, மழையில் நனைந்தாலும் தாங்கணும்... வெளிநாட்டு வேட்டைக்காரர் கேட்கிற இந்த மூன்றும்தான் அடையாறில் பறவை பார்க்கிறவருக்கும் வேணும். சாலிம் அலியே சின்ன வயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அதன் தொண்டையில் ஏன் மஞ்சள் திட்டு என்று விசாரிக்கப் போய்த்தான் பறவைகள் பக்கம் வந்தார். நம்ம மயிலாப்பூரில் இருந்த மா.கிருஷ்ணன், 1950-ல் தொடங்கி 1996-ல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். பார்ப்பதற்குக் காட்டுக்குத்தான் போகணும்னு இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். ஏழெட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை செலவழிக்கத் தயார் என்றால் நல்ல மீடியம் ரேஞ்ச் பைனாகுலர் கிடைக்கும். ஸ்டூடன்ட்டுக்கு அது சின்னப் பணம் இல்லை. தப்பானதை வாங்கினால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தலைவலியோடு அது பீரோவுக்குள் போய்விடும். அதோடு பறவையும் போச்சு!

பைனாகுலர் மேலே '8x42' என்று போட்டிருக்கும். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டே காட்டும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். எல்லோரும் ஏமாறுவது முதல் நம்பரில்தான். கணக்குப் போட்டுப் பாருங்க. அடையாறு முகத்துவாரத்தில் 80 மீட்டர் தள்ளி ஒரு கூழைக்கடா. 8 மடங்கில் அது 10 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். 10 மடங்கில் 8 மீட்டர். வித்தியாசம் வெறும் இரண்டு மீட்டர்! ஆனால், பறவை எத்தனை மடங்கு பெரிசாகிறதோ, உங்க கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிசாகும். 20 மடங்கை ஸ்டாண்ட் இல்லாமல் பிடித்தால், கூழைக்கடா குத்தாட்டம் போடும்.

இரண்டாவது நம்பரை முதலாவதால் வகுங்க. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். நல்ல வெயிலில் நம்ம கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் திறக்கும். அந்தியில் ஐந்தைத் தாண்டும். அதனால் பாக்கெட்டில் அடங்கும் 8x25 (வகுத்தால் 3.1) மத்தியானத்துக்கு ஓ.கே. சாயங்காலம் தியசாபிகல் சொசைட்டி மரப்பொந்தில் புள்ளி ஆந்தையைத் தேடும்போது கைவிட்டுவிடும். முதல் பைனாகுலர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 8x42, இல்லை 8x40. பத்துக்கு ஆசைப்படாதீங்க.

பர்மா பஜார் முதல் ஆன்லைன் வரை கிடைக்கும் '10-180x100 ஜூம்' வகையறா பக்கம் திரும்பவே வேண்டாம். 100 என்று போட்டால் முன்பக்க லென்ஸ் பத்து சென்டிமீட்டர் இருக்கணுமே... ஸ்கேல் வைத்து அளந்தாலே வண்டவாளம் தெரிந்துவிடும். தக்காளி கலரில் மின்னும் 'ரூபி' லென்ஸும் அப்படித்தான். சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்பிவிட்டு, பச்சை பிடித்த படத்தைத் தரும். பார்க்க மட்டும் ஜோர்!

உள்ளே இருக்கும் பிரிசம் இரண்டு வகை. 'ஸெட்' மாதிரி வளைந்த உடம்பு என்றால் போரோ. நேர்க் குழாய் என்றால் ரூஃப். ஒரே விலைக்குப் பெரும்பாலும் போரோவில்தான் படம் நன்றாக இருக்கும். ரூஃப் எடை குறைவு, தண்ணீருக்கும் தாங்கும். நிகானிலேயே பாருங்க. ஆக்குலான் 8x42 போரோ, எடை சுமார் 755 கிராம், வாட்டர்ப்ரூஃப் கிடையாது. ப்ரோஸ்டாஃப் பி3 8x42 ரூஃப், 565 கிராம்தான், நைட்ரஜன் அடைத்த வாட்டர்ப்ரூஃப், விலை கொஞ்சம் கூட. கழுத்தில் மூணு மணி நேரம் தொங்கப்போவது என்பதால் என் ஓட்டு ரூஃபுக்கு. நவம்பர் மழையும் இருக்கே!

இனி தி.நகர் கடையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஏ.சி. ரூமுக்குள் டியூப்லைட்டைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. சேல்ஸ்மேன் அண்ணனிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டு வாங்க.

முதலில் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தை வானத்துக்கு எதிராகப் பாருங்க. நடுவில் சின்ன வெள்ளை வட்டம் தெரியும். முழு வட்டமாக இருந்தால் நல்ல கண்ணாடி. போரோவில் ஓரம் வெட்டிய மாதிரி சதுரமாக, சாம்பல் நிழலோடு இருந்தால் அது பி.கே.7 கண்ணாடியாக இருக்கும். ஃபர்ஸ்ட் இயரில் ஆப்டிகல் ஃபைபருக்குப் படித்த முழு அக எதிரொளிப்பு ஞாபகம் இருக்கா? பி.கே.7-க்கு ஒளிவிலகல் எண் 1.517. பேக்4-க்கு 1.569. எண் குறைந்தால் மாறுநிலைக் கோணம் கூடும்; ஓரத்தில் வரும் கதிர் எதிரொளிக்காமல் பிரிசத்தை விட்டு ஒழுகிவிடும். அதுதான் அந்த நிழல். செமஸ்டருக்காக உருப்போட்டது கடை வாசலில் உதவுது!

அடுத்து, இடது கண்ணால் மட்டும் எதிர்க் கடை போர்டைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்க. பிறகு வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலது பக்க வளையத்தைத் திருப்புங்க. பாதிப் பேர் இந்த வளையத்தைத் தொடுவதே இல்லை. அப்புறம் 'படம் மங்கல்' என்று புலம்புவார்கள். இப்போது இரண்டு கண்ணையும் திறங்க. போர்டு ஒன்றாகத் தெரியணும். இரண்டாகப் பிரிந்தாலோ, கண் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தாலோ குழாய்கள் நேராக இல்லை. எந்த பிராண்டானாலும் அந்தப் பீஸ் வேண்டாம்.

சோடாபுட்டி பார்ட்டிகள் இன்னொன்றும் பார்க்கணும். லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்பதற்கு 'ஐ ரிலீஃப்' என்று பெயர். 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கண்ணாடியோடு பார்க்கும்போது சாவித்துவாரம் வழியாக எட்டிப் பார்க்கிற கதைதான்.

ஆன்லைனில் வாங்கியவர்கள் ரிட்டர்ன் தேதிக்குள் மயிலாப்பூருக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. 120 அடி உயரக் கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தைவிட நல்ல டெஸ்ட் சார்ட் கிடையாது. நடுவில் ஒரு பொம்மையின் முகத்தைத் தெளிவாக்குங்க. ஓரத்துப் பொம்மைகள் கொஞ்சம் மங்கலாம், கரைந்தே போகக் கூடாது. உச்சிக் கலசத்தைச் சுற்றி ஊதா விளிம்பு பட்டையாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் தப்பித் தவறியும் திருப்பக் கூடாது, கண் போய்விடும். வீட்டு ஜன்னல்கள் பக்கமும்தான். அங்கே போகப்போவது உங்க மானம்!

நம்ம கடற்கரை ஊரில் பைனாகுலருக்கு எமன் பூஞ்சை. லெதர் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டினால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். காற்றுப் புகாத டப்பா, அதில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான் செலவு. சட்டை நுனியால் துடைக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க. தூசியை ஊதிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் மெல்ல ஒற்றுங்க.

பணம் புரளவில்லையா? நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்க. அதற்கும் முன்னாடி, 1978-லிருந்து இயங்கும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தார் மாதிரியானவர்கள் பறவை பார்க்கக் கிளம்பும்போது ஒட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கழுத்தில் விதவிதமாகத் தொங்கும். 'ஒரு நிமிஷம் சார்' என்று வாங்கிப் பார்த்தாலே உங்க கைக்கும் கண்ணுக்கும் எது ஒத்துவருது என்று தெரிந்துவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசை சீசன். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைக்கு வெயில் ஏறும் முன் போய், சேற்றில் ஓடும் கொசு உள்ளானின் காலை 8 மடங்கில் பாருங்க. கறுப்புக் கால்.