வேளச்சேரியில் ஒரு படுக்கையறை வாடகை வீடு

வேளச்சேரி, தென் சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி. தரமணி, பழைய மகாபலிபுரம் சாலை ஆகிய இடங்களிலுள்ள அலுவலகங்களில் வேலை பார்ப்போரும், முதன்முறையாகத் தனிக்குடித்தனம் வருவோரும் இங்குச் சிறிய வீடுகளைத் தேடுகின்றனர். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை கொண்ட வீடு பேச்சுவழக்கில் 'சிங்கிள் பெட்ரூம்' எனப்படுகிறது.

வாடகையும் உண்மைச் செலவும்

'டு லெட்' பலகையில் காணும் தொகை மட்டுமே வாடகை அன்று. எடுத்துக்காட்டாக, மாத வாடகை ரூ.12,000 என்று கொள்வோம். பராமரிப்புக் கட்டணம் ரூ.1,500, தண்ணீர் லாரிப் பங்கு ரூ.500 சேர்ந்தால் மாதச் செலவு ரூ.14,000 ஆகிறது. தரகர் வழியாக வந்தால் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைத் தரகாகத் தர வேண்டும். காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவென ஒரு மாத வாடகையை முன்பணத்தில் கழிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே, வாடகையைக் கேட்கும்போதே இவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

மின் இணைப்பு

வீட்டிற்குத் தனி மின் இணைப்பு உள்ளதா என்பது முக்கியமான கேள்வி. தமிழ்நாட்டில் 2016 முதல், வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பல குடும்பங்கள் ஒரே இணைப்பைப் பகிர்ந்து, துணை மீட்டர் வைத்திருந்தால், மொத்தப் பயன்பாடு கூடி உயர்ந்த கட்டணப் படிக்குச் சென்றுவிடும். அப்போது ஒரு யூனிட்டுக்கு உரிமையாளர் கேட்கும் விலையையே குடியிருப்போர் கொடுக்க நேர்கிறது.

மழையும் போக்குவரத்தும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியின் தாழ்வான தெருக்கள் நீரில் மூழ்கின. தரைத்தள வீட்டின் வாடகை குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அந்த ஆண்டுகளில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதை அக்கம்பக்கத்தாரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் விசாரித்தால் உண்மை தெரியும். கடற்கரை நிலையத்திலிருந்து வரும் பறக்கும் ரயிலின் நிலையம் வேளச்சேரியில் உள்ளது. திருமயிலை, சேப்பாக்கம் பக்கம் வேலைக்குச் செல்வோர் நிலையத்திற்கு நடந்து செல்லும் தூரத்தில் வீடு பார்த்தால், வாடகை சற்றுக் கூடினாலும் பயணச் செலவு குறையும்.

முன்பணமும் சட்டமும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது ரூ.1,20,000. முதல் வேலையில் சேர்ந்தவர் இத்தொகைக்குக் கடன் வாங்க நேர்ந்தால், வட்டியும் வாடகையின் ஒரு பகுதியே.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஆனால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் இவ்வரம்பு பொருந்தாது. பத்து மாதம் என எழுதிய தாளில் கையெழுத்திட்டவர், சட்டம் தரும் பாதுகாப்பைத் தாமே விட்டுக்கொடுத்தவராகிறார். எனவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

காலி செய்தபின் உரிய கழிவுகள் போக மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தகராறு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கோருவது கடினம்.

முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்துவதும், குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், கதவு ஆகியவற்றின் நிலையைப் படமெடுத்து வைப்பதும் பின்னாளில் சான்றாக உதவும்.