தவறென்று சொல்லாத பூட்டு

ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் வாசகர் கேட்டிருக்கிறார்: விம் எடிட்டரில் தமிழ்க் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பைப் புதுக் கணினியில் திறந்தால் தாறுமாறான எழுத்துகள் வருகின்றன; சரியான சொல்லைத்தான் அடித்தேன், கோப்பு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. ஆனால் சேமித்துவிடாதீர்கள். முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி அடித்து வெளியே வந்து, கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். சேமித்தால் அந்தக் குப்பையே பூட்டப்பட்டு உங்கள் கணக்கின் மேல் ஏறிவிடும். கடவுச்சொல்லே கேட்காமல் திறந்தது என்றால், புதுக் கணினியில் இருப்பது நியோவிம்மா என்று பாருங்கள். அதில் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம்மில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இதுதான். தவறான சொல்லைக் கொடுத்தாலும் அது தவறு என்று சொல்வதில்லை. கொடுத்த சொல்லை வைத்தே பிரித்து, வந்ததைக் காட்டும். தெரிந்தே செய்தது இது: எச்சரித்தால், சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் திருடனுக்கு வேலை சுலபமாகிவிடும் என்று கையேட்டிலேயே காரணம் எழுதியிருக்கிறார்கள். மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரின் முகத்தைச் சிறுவயதில் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்; விலை படிந்ததா இல்லையா என்று அதில் ஒன்றும் தெரியாது. விம்மும் அப்படித்தான். ஆனால் 2021இல் அதில் சேர்ந்த எக்ஸ்சாச்சா20 என்ற பூட்டு முறை தவறைச் சொல்லிவிடும்.

சரி, சொல் சரியாக இருந்தும் ஏன் திறக்கவில்லை? 'கொல்லிமலை' என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ 'கொ' முன்னதில் 6 பைட், பின்னதில் 9 பைட். விசைப்பலகை மென்பொருள் மாறினால் இது மாறக்கூடும். திரையிலோ நட்சத்திரக் குறிகள்தான் தெரியும். காலிப் பக்கம் ஒன்றில் அந்த எழுத்தை அடித்து, அதன்மேல் நின்று 'ஜி', '8' என்று தட்டினால் விம் பைட்டுகளைக் காட்டும். இரண்டு கணினியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தைச் சேமிக்க வேண்டாம்.

தமிழில் கடவுச்சொல்லே வைக்காதீர்கள் என்று அறிவுரை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் விதி யூனிகோடிலேயே இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, நம்மைத் தாய்மொழியை விடச் சொல்வது நியாயமில்லை.

வித்தியாசம் தெரிந்தால், பழைய விசைப்பலகை மென்பொருளைப் புதுக் கணினியிலும் நிறுவித் திறந்துவிடலாம். திறந்ததும் பூட்டு முறையையும் பாருங்கள். 'ஜிப்' வலுவற்றது. 2010இல் வந்த 'புளோஃபிஷ்' முறையை விம்மில் எழுதியதில் பிழை நேர்ந்து, கோப்பின் முதல் 64 பைட்டுகள் பலவீனமாகிவிட்டன. ஆட்களின் சம்பளமும் கடனும் உள்ள கணக்கை இந்த இரண்டிலும் வைத்திருக்கக் கூடாது. குறைந்தது 'புளோஃபிஷ்2'க்கு மாற்றிச் சேமியுங்கள். கோப்பிலிருந்து நகலெடுத்த வரிகள் 'விம்இன்ஃபோ' என்ற இன்னொரு கோப்பில் பூட்டில்லாமல் கிடக்கும், அதையும் அழித்துவிடுங்கள்.