மூடி வைத்த கத்தி வியர்க்கும்

2025 பொங்கலுக்குக் கரும்பு நறுக்கலாம் என்று பரணிலிருந்து வெட்டுக்கத்தியை இறக்கினேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி, உள்ளூர் கொல்லுப்பட்டறை வேலை. ஐப்பசி மழைக்கு முன்பே துடைத்து, எண்ணெய் தடவி, தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி ஏற்றியிருந்தேன். பிரித்துப் பார்த்தால், கவர் மடிந்து அலகில் ஒட்டிக்கிடந்த இடமெல்லாம் செம்மண் கோடு போட்டாற்போலத் துரு. பிடிக்குப் பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாக, துருவிலேயே அச்சாகியிருந்தது. என் விரல்தான். அதே வீட்டில் அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கும் பழைய அரிவாளை யாரும் சீண்டுவதில்லை. அது கறுத்திருந்ததே தவிர, துரு ஏறவில்லை.

பத்திரப்படுத்தியதற்குத் துரு, கேட்பாரற்றுக் கிடந்ததற்கு ஒன்றுமில்லை. இது என்ன கணக்கு? டீயை ஆற்றிக்கொண்டே பார்ப்போம்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் துருவை வெளியிலிருந்து வரும் திருடனாக நினைத்திருக்கிறோம். மழைத்தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும், அதனால் படாமல் மூடிவிட்டால் போதும் என்பது நம் தீர்மானம். ஆனால் இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரப்படலமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இருந்தால் வேலை நடந்துவிடும். பெட்டிக்கடையில் ஜில்லென்று எடுத்த பொவொன்டோ பாட்டில் கையில் வந்ததும் வியர்க்கிறதே, அந்த நீர் பாட்டிலுக்குள்ளிருந்து கசிந்ததல்ல. சூடான காற்று நிறைய நீராவியைச் சுமக்கும். குளிர்ந்ததைத் தொட்டதும் சுமக்க முடியாமல் அங்கேயே இறக்கி வைத்துவிடும். விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் கத்தியும் அப்படித்தான் வியர்க்கிறது.

சரி, இறுக்கிக் கட்டிய கவருக்குள் ஈரம் எப்படிப் போயிற்று? பாதி ஈரத்தை நாமேதான் உள்ளே வைத்தோம். காய்ந்தது போலத் தெரியும் மரத்திலும் நீர் உண்டு. 100 கிராம் மரப்பிடியில் 10 கிராமுக்கு மேல் ஒளிந்திருப்பது சாதாரணம். மீதி ரப்பர் பேண்டின் இடுக்கு வழியாக வந்தது. பகலில் கவருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். நாள்தோறும் ஒரு மூச்சு. உள்ளே வந்த ஈரம் உலர வழியில்லாமல் மடிப்புகளில் தங்கிவிடும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நிற்குமே, அதன் சின்ன வடிவம் இது. சாக்கும் செய்தித்தாளும் இன்னும் மோசம். அவை ஈரத்தைக் குடித்துவிட்டு அலகோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும் என்பது பொதுவான அளவு. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஐப்பசி, கார்த்திகையில் 60க்குக் கீழே இறங்கும் நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் கத்தியைப் பரணில் ஏற்றிய அந்த மழைக்காலத்தில், 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. பரணில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்று நான் மகிழ்ந்திருந்தேன். வீட்டுக்குள் இருந்த காற்றே பிழிந்தால் வடியும் பதத்தில் இருந்ததை மறந்துவிட்டேன்.

இனி அந்தப் பெருவிரலுக்கு வருவோம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி ஏன் கசிகிறது? ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். வியர்வையிலும் அதே உப்புதான். எண்ணெய் தடவி முடித்த பிறகு அலகைத் தொட்டுப் பார்த்தேனா, தொட்டபின் தடவினேனா என்பது நினைவில்லை. கிழக்கே மரக்காணத்து உப்பளங்களைத் தொட்டு வரும் கடற்காற்றின் மேல் பழியைப் போடலாம்தான், ஆனால் ரேகை யாருடையது என்று கத்தியே சொல்கிறது. ஆகவே எடுத்து வைப்பதற்கு முன் துடைப்பது, எண்ணெய் தடவுவது, அதன்பின் அலகில் கைபடாமல் பிடியை மட்டும் பிடிப்பது. இந்த வரிசை மாறக்கூடாது.

கடையில் வாங்கும் எவர்சில்வர் கத்திக்கு இந்தக் கவலை அவ்வளவாகக் கிடையாது. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைத் தானே போர்த்திக்கொள்கிறது. லாரிப் பட்டை வேறு சாதி. கூர் நன்றாக நிற்கும், ஆனால் தோல் கிடையாது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில், மூசையில் வைத்து எஃகு உருக்கியதன் எச்சங்களைக் கண்டு 1990களில் எழுதினார் உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன். உலகமே தேடி வாங்கிய அந்த எஃகுக்கும் குரோமியத் தோல் இல்லை. அதை வைத்திருந்தவர்களும் எண்ணெய்த் துணியோடு அலைந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அடுப்படி அரிவாள் பிழைத்தது எப்படி? முன்பெல்லாம் வாழைக்காய், வாழைப்பூ நறுக்கி நறுக்கி அதன் அலகு கறுத்துவிட்டது. அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கரும்படலமாகப் படிகிறது. சிவப்புத் துரு பொருக்கு விட்டு உதிரும், உதிர்ந்த இடத்தில் புதுத் துரு பிடிக்கும். கறுப்பு அப்படியில்லை, ஒட்டிக்கொண்டு ஓரளவு காவல் காக்கும். அருவாமணையின் கறுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவோம். அதோடு, அடுப்படி அனலில் ராத்திரி ஈரம் தங்குவதில்லை. அந்தக் காலத்துக் கூரை வீடுகளில் அரிவாளை இறவாரத்தில் செருகுவார்கள். பிள்ளைகளுக்கு எட்டாது, காற்றோட்டம் உண்டு, விறகுப் புகையும் படும். கான்கிரீட் பரணில் இதில் எட்டாத உயரம் மட்டும்தான் மிச்சம்.

தோல் உறையும் கவரைப் போலத்தான். தோல் ஈரத்தைக் குடிக்கும், பதனிடும்போது சேர்ந்த உப்புகளும் அதில் மிச்சமிருக்கும். வெளியே எடுத்துப் போகும்போது உறையில் போடுவோம். வீட்டுக்கு வந்ததும் கத்தி ஓர் ஆணியிலும் உறை இன்னோர் ஆணியிலும் தொங்கட்டும்.

எந்த எண்ணெய்? திண்டிவனம் மணிலாக்கொட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பேர்போன ஊர் என்பதால் கடலை எண்ணெய்தான் முதலில் கைக்கு வரும். ஆனால் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாதக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுவென்று இறுகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் எடுக்காத கத்திக்கு விளக்கெண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ நல்லது. மிஷின் எண்ணெய் பூசியதைச் சமையலுக்கு எடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

வீட்டிலேயே கத்தி செய்து பழகுகிறவர்கள் அதிகம் அசட்டை செய்வது பாதியில் நிற்கும் வேலையைத்தான். முடியாத கத்தி முடிந்ததைவிடச் சீக்கிரம் கெடும். உலையில் படிந்த கரும்பொருக்கை அரம் போட்டு எடுத்துவிட்டால் இரும்பு அம்மணமாக நிற்கிறது. அரத்தின் கோடுகள் வாய்க்கால் போல ஈரத்தைத் தேக்கும். 'நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்' என்று வைத்தாலும் அன்றைக்கே எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும், அதுவும் சிமெண்ட் தரையில் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து தோய்ச்சலில். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி எடுத்ததும் அது பொரித்த அப்பளம் மாதிரி. கடினமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். சில சமயம் விழவே வேண்டாம், உள்ளே இருக்கும் இழுவிசையில் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே விரிசல் விடும். சுமார் 200 டிகிரி இளஞ்சூட்டில், பளபளப்பான இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை காட்டினால்தான் அந்த முறைப்பு தணியும். தோய்ச்சல் முடிந்து இளஞ்சூடு காட்டாத கத்தியை எங்கே பத்திரமாக வைப்பது என்று கேட்டால், எங்கேயும் வைக்காதீர்கள் என்பேன். இரண்டையும் செய்ய நேரம் இல்லாத நாளில் உலையே மூட்ட வேண்டாம்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டுள்ள மர அலமாரி நல்லது. மேலும் கீழும் நாலு துளை போட்டால் காற்று ஓடும். அலகுக்குப் பிளந்த மூங்கில் துண்டு ஒன்றைக் கவ்வக் கொடுக்கலாம். கூர் வைக்காததுதானே என்று பாதி வேலையை வெளியே போட வேண்டாம், அரத்தின் பிசிறு கூரைவிடக் கோரமாகக் கிழிக்கும். சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிப் பேசுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அந்தப் பட்டியலில் இல்லை. அலங்காரத்துக்கு வாள் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளட்டும்.

என் அலமாரியில் இப்போது பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு ஒன்று மழைக்காலம் முழுக்க எரிகிறது. பேர்தான் ஜீரோ, உள்ளே பத்துப் பதினைந்து வாட் ஓடும். அந்தச் சூடு அலமாரிக் காற்றை வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் உலர்வாக வைக்கிறது. எல்இடி பல்பு இதற்கு ஆகாது, எண்ணெய்த் துணியைப் பல்புக்கு எட்ட வைக்கவும் கூடாது. வெட்டுக்கத்தி அங்கேதான் தொங்குகிறது. உப்புத்தாளால் அரைமணி நேரம் தேய்த்ததில் செங்கோடுகள் போய்விட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பெருவிரல் ரேகை மட்டும் இன்னும் குழிகுழியாகத் தெரிகிறது.