பூண்டித் தண்ணீரும் குடியம் பாறையும்

பறவை பார்க்க வேண்டும் என்றால் ஆவடி, வெள்ளானூர்ப் பக்கத்துக்காரர்கள் வேடந்தாங்கலுக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். தவறில்லை. ஆனால் வெள்ளானூருக்குக் கிழக்கே கிடக்கும் புழல் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியைப் பிடித்து, சோழவரம் கடந்து மேற்கே போனால் பூண்டி வந்துவிடும். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகர் அது.

நீர்த்தேக்கம் நிரம்பி வழியும்போது போனால் கரையோரப் பறவைகளை அதிகம் பார்க்க முடியாது. தை, மாசியில் தண்ணீர் வற்றி ஓரத்துச் சேறு தெரியும்போது போக வேண்டும். உள்ளான்களும் நாரைகளும் இரை தேட இறங்கும் இடம் அந்தச் சேறுதான். நத்தைகுத்தி நாரை கண்ணில் பட்டால் அதன் அலகையே பாருங்கள். மூடியிருந்தாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர்ந்த பிறகுதான் உண்டாகும். நத்தையின் ஓட்டை இந்த நாரை நொறுக்குவதில்லை. கீழ் அலகின் நுனியை உள்ளே செலுத்திச் சதையை அறுத்து இழுத்துவிடும்.

பூண்டிக்கு மேற்கே, அல்லிக்குழி மலைத்தொடரில் இருக்கிறது குடியம் குகை. உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்த மணற்பாறை, தலைக்கு மேல் கூரைபோல் நீண்டு நிற்கும். ஆதிமனிதர் கற்கருவி செய்தது இப்படிப்பட்ட கூழாங்கற்களில்தான். அருகிலுள்ள அதிரம்பாக்கத்தின் கற்கால இடத்தை 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்தார். அங்கே கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் நிறுவினார்கள். குடியம் பாறையில் மலைத்தேனீக்களின் பெரிய அடைகள் தொங்குகின்றன. தேனடையின் புழுக்களை விரும்பித் தின்னும் தேன்பருந்தை வானத்தில் தேட ஏற்ற காடு இது. சத்தமும் புகையும் வேண்டாம். தேனீ கலைந்தால் ஆபத்து. வனத்துறையிடம் கேட்டுவிட்டே உள்ளே போங்கள்.

பூண்டியும் புழலும் வேடந்தாங்கல்போல அறிவிக்கப்பட்ட சரணாலயங்கள் அல்ல. சென்னை நகரம் குடிக்கும் தண்ணீர் என்பதால் கிடைத்த காவலில்தான் அங்கே பறவைகள் பிழைக்கின்றன. ஊருக்குள் இருக்கும் சின்ன ஏரிகளுக்கு அந்தக் காவலும் இல்லை. அவற்றுக்காகப் பேசும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்தே தொடங்குங்கள்.